பதினொன்றே கால் பஸ்ஸில் வந்தவர்களுக்கு மதிப்பெண்

வெள்ளூரணியில் செத்தவர்கள் திரும்பி வரத் தொடங்கிய வாரத்தில் எங்கள் ராஜமணி தியேட்டரில் ஒரு பேய்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கொரியாவில் எடுத்து, இந்தியில் எடுத்து, தெலுங்கில் எடுத்து, கடைசியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்த பேய், நாலு ஊர்த் தண்ணீர் குடித்தும் ஒரு பச்சைப் பிள்ளையைக்கூடப் பயமுறுத்தத் தெரியாத பேய். அதைத் தூக்கிவிட்டு வேறு படம் போட வேண்டிய வெள்ளிக்கிழமை, முன்பெல்லாம் எங்களுக்குப் படப்பெட்டி வந்து இறங்கிய அதே பதினொன்றே கால் பஸ்ஸிலிருந்து, தங்கையா ஹெட்மாஸ்டர் குடையோடு இறங்கினார். எட்டு மாதத்துக்கு முன்னால் அவரை எரித்த சுடுகாட்டில் நானும் நின்றிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள், அவர் வெயிலை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அவர் மனைவி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்டார். இல்லை என்றதும் உள்ளே போய் உலை வைத்தார். யாரும் அலறவில்லை. நாவிதர் வந்து, எட்டு மாத முடி வளர்ந்திருக்க வேண்டுமே, ஒரு மாத முடிதானே இருக்கிறது என்று யோசித்தபடியே வெட்டிவிட்டுப் போனார். ரேஷன் கடையில் அவர் பெயரை அடித்தாகிவிட்டது என்று சொன்னார்கள், கிராம நிர்வாக அலுவலர் இறப்புச் சான்றிதழை வாங்குவதற்குத்தான் படிவம் இருக்கிறது, திருப்பிக் கொடுப்பதற்கு இல்லை என்று கையை விரித்தார், பஸ் கண்டக்டரோ தான் அந்த ஆளுக்கு டிக்கெட் கிழித்ததாக ஞாபகமே இல்லை என்று வருத்தப்பட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை பால்காரரின் அம்மா வந்தார், அதற்கடுத்த வெள்ளிக்கிழமை தையற்காரரின் தம்பி வந்தான். எல்லோரும் வந்துவிடவில்லை. வருகிறவர்கள் அந்தப் பஸ்ஸில்தான் வந்தார்கள், அதனால் வெள்ளிக்கிழமை காலையில் செத்தவர்கள் வீட்டுக்காரர்கள் குளித்துத் தலைவாரி பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பது எங்கள் ஊரில் சாதாரணமாகிப் போனது.

வந்தவர்களிடம் ஒரு குறை இருந்தது. செத்தவர் எப்படியோ வந்தவரும் அப்படியே, ஒரே ஒரு விஷயம் மட்டும் மாறியிருக்கும். ஹெட்மாஸ்டர் உயிரோடிருந்த காலத்தில் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பவர். வந்த அன்று தட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனார். அவர் மனைவி அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இவர் அவர்தானா, அவரைப் போல ஒருவரா என்று மகன்களுக்குள் பேச்சு கிளம்பி, பேச்சு சண்டையாகி, சண்டை தெருவுக்கு வந்தபோது யாரோ சொன்னார்கள், இந்த மாதிரி ரெண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கிற ஆள் நம்மூரில் இருக்கிறாரே, அவரைக் கூப்பிடுங்கள் என்று.

அவர்தான் அருமைநாயகம். தியேட்டருக்கு எதிர் மாடியில் மனைவி பெயரில் லில்லி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினார், மதுரையிலிருந்து வருகிற ஒரு வாரப் பத்திரிகைக்கு விமர்சனம் எழுதினார். பெரிய ஹீரோக்கள் படத்தையெல்லாம் பத்திரிகை ஆபீஸில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள், மிச்சம் இரண்டு சாதிப் படங்களை இவர் தலையில் கட்டினார்கள்: ஒன்று, குடும்பத்தோடு பார்க்கிற பொம்மைப் படங்கள், கரடியும் மீனும் தமிழ் பேசுகிறவை, மற்றது, எங்கேயோ எடுத்ததைத் திருப்பி எடுக்கிற பேய்ப் படங்கள். எங்கள் தியேட்டருக்கும் அந்த இரண்டு சாதிதான் வரும் என்பதால் இருவருக்கும் ஒத்துப் போயிற்று. நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார், டைப்ரைட்டிங் வகுப்பில் எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்கிற அதே கையால். நாற்பத்தைந்துக்கு மேல் அவர் யாருக்கும் போட்டதில்லை. ரீமேக் படம் என்றால் கடைசி வரி மாறவே மாறாது: மூலப் படத்தின் பக்கத்தில்கூட வரவில்லை.

அவர் வந்து ஹெட்மாஸ்டர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், வீட்டுக்காரர்கள் சொன்னதைக் கேட்டார், காபி குடித்தார், மாடிக்குப் போய் அரைத் தாளில் டைப் அடித்துக்கொண்டு வந்தார். மூலம் தட்டைக் கழுவியது, இது கழுவவில்லை, மற்றபடி குடையும் கோபமும் அப்படியே, நாற்பத்தொன்று. நான் போஸ்டர் ஒட்டுகிற மைதா பசையை எடுத்து அந்தச் சீட்டை வீட்டு நிலையில் ஒட்டினேன், சண்டை அத்தோடு ஓய்ந்தது. முப்பத்தைந்து வாங்கினால் பாஸ் என்பதை யாரும் சட்டமாகப் போடவில்லை, பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் அது தெரியும். முப்பத்தைந்துக்குக் கீழே வாங்கியவர்கள் அடுத்த வெள்ளிக்கிழமை தாங்களாகவே எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அதே பஸ்ஸில் ஏறிப் போனார்கள், ஓடாத படத்தைத் தூக்குகிற மாதிரி. கூடவே ஏறிப் போய்ப் பார்த்தவர்கள் அடுத்த நிறுத்தத்தில் தனியாகத்தான் இறங்கினார்கள். சீட்டே வேண்டாம் என்று சொன்ன வீட்டிலும் இதேதான் நடந்தது. அந்த ஒரு வித்தியாசத்தை எழுதாமல், எல்லாம் அப்படியே இருக்கிறது என்று அவரிடம் கெஞ்சி எழுதி வாங்கிய வீட்டில், எத்தனை பசை போட்டாலும் சீட்டு வழுக்கிக் கீழே விழுந்தது, வந்தவர் வெள்ளிக்கிழமை கிளம்பிவிட்டார். வித்தியாசத்தைக் கண்டுபிடித்து எழுதினால்தான் சீட்டு ஒட்டும் என்று அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது.

இதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் வந்தது. உயிரோடிருப்பவர்களை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வீடு நாற்பது பக்க நோட்டு வாங்கி, காலண்டர் மாட்டிய ஆணியிலேயே மாட்டி, மாமனார் எந்தக் காலை முதலில் கட்டிலிலிருந்து வைக்கிறார், மருமகள் கோபம் வந்தால் எந்தப் பாத்திரத்தைப் போட்டு உருட்டுகிறாள், புருஷன் சிரிக்கும்போது எந்தப் பல் தெரிகிறது என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். நாளைக்கு இவர் போய்த் திரும்பி வந்தால் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டுமே. இருபது வருஷம் முகம் பார்த்துப் பேசாத தம்பதிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நோட்டு இல்லாத வீடு எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான், அது அருமைநாயகத்தின் வீடு. டாக்டர் வீட்டில் மருந்து எதற்கு என்று சிரிப்பார்.

என் பெயர் சங்கிலி. ராஜமணி தியேட்டரில் டார்ச் அடித்து சீட் காட்டுகிறவன். என் மனைவி பேச்சி இடைவேளையில் கடலை விற்றாள், மஞ்சள் காமாலையில் போனாள், அவள் போன இரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில் திரும்பி வந்தாள். வந்தவள் அதே பேச்சிதான். கடலையை ஊதித் தோலைப் பறக்கவிடுவதும் அதே ஊதல், கொண்டையில் ஊசி குத்துவதும் அதே குத்து. ஆனால் என்னைத் திட்டவில்லை. இருபத்திரண்டு வருஷமாக என்னைத் திட்டாமல் ஒரு பொழுதுகூட அவள் விடியவிட்டதில்லை. அருமைநாயகம் கேட்டபோது அதைத்தான் சொன்னேன். அவரும் அதையே எழுதினார்: நடிப்பில் குறை சொல்வதற்கில்லை, மூலத்திலிருந்த காரம் இதில் இல்லை, முப்பத்து மூன்று. இரண்டே இரண்டு மார்க். நான் அவளோடு பஸ்ஸில் ஏறினேன், ஜன்னலோரம் அவளை உட்கார வைத்தேன், அடுத்த நிறுத்தத்தில் என் பக்கத்து சீட்டில் கடலை அளக்கிற உழக்கு மட்டும் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் நான் அவளிடம் திட்டு வாங்குகிற மாதிரி ஒன்றும் செய்யவில்லையே, பயந்து பயந்து நல்லவனாக இருந்துவிட்டேனே என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் உறைத்தது. அதற்காக நான் அருமைநாயகத்தை வெறுத்தேன், என்னை வெறுப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

அவருக்கும் ஒரு பிள்ளை இருந்தது. ஜெனிட்டா, ஒன்பது வயதில் மூளைக் காய்ச்சலில் போனது. பொம்மைப் படத்துக்கு ஒண்டியாகப் போய் உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும் என்று, நாலு வயதிலிருந்தே சனிக்கிழமை மேட்னிக்கு அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். வெளியே போகும் வழியின் சிவப்பு விளக்குப் பக்கத்து சீட்டுதான் அவருக்கு எப்போதும். மடியில் குறிப்பு நோட்டை வைத்துக்கொண்டு, இங்க அடி சங்கிலி என்பார், நான் நோட்டில் டார்ச் அடிப்பேன், எழுதும்போது யாராவது பேசினால் நிமிராமலே இடது கையைத் தூக்கிப் பேசாதே என்று காட்டுவார். நாற்பது படமாவது அப்படிப் பார்த்திருப்பார்கள். நாற்பது விமர்சனத்திலும், குழந்தைகள் ரசிப்பார்கள் என்று கடைசி வரிக்கு முந்தின வரி இருக்கும்.

இந்த வருஷம் பங்குனியில், பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் விட்ட வாரத்து வெள்ளிக்கிழமை, பதினொன்றே கால் பஸ்ஸிலிருந்து ஜெனிட்டா குதித்து இறங்கினாள். அடக்கம் செய்தபோது போட்டுவிட்ட வெள்ளை கவுன். ஒன்பது வருஷம் கழித்து வந்தாலும் ஒன்பது வயதுதான். வாராவாரம் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றுவிட்டுப் போகிற அவள் அம்மா லில்லி, அன்றும் நின்றிருந்தவர், பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், ஒன்பது வயதுப் பிள்ளையை, கால் தரையில் இடிக்க இடிக்க. பாதிரியார் வந்து பார்த்து, உயிர்த்தெழுதலுக்கு என்று ஒரு நாள் இருக்கிறது, இது அந்தக் கணக்கில் வராது, இருந்தாலும் பிள்ளைக்கு நல்லதாக ஒரு கவுன் எடுத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊரே அந்தத் தெருவில் வந்து நின்றது. பாசம் பாதி, மீதி என்னவென்று எங்களுக்கே தெரியும். தையற்காரரின் தம்பிக்கு இருபத்தொன்பது போட்டவர், என் பேச்சிக்கு முப்பத்து மூன்று போட்டவர், தன் பிள்ளைக்கு எவ்வளவு போடப் போகிறார் என்று பார்க்க வந்தோம். நான் நல்லவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அவர் ஒரு தடவை அந்தத் தராசில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

சனி, ஞாயிறு, திங்கள் போனது, நிலையில் சீட்டு ஏறவில்லை. லில்லி தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டார். கொய்யாக்காயைக் கொட்டையைத் துப்பாமல் தின்கிறாள், அப்போதும் அப்படித்தான். சுவரில் காலைத் தூக்கிப் போட்டுத்தான் தூங்குகிறாள், அப்போதும் அப்படித்தான். சடை பின்னும்போது வலிக்காமலே வலிக்கிறது என்கிறாள், ஜெபம் சொல்லும்போது ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறாள், ஒன்றுகூட மாறவில்லை. அருமைநாயகம் பிள்ளையை எதிரில் உட்கார வைத்து வாய்ப்பாடு கேட்டார், பழைய டீச்சர் பெயர் கேட்டார், அவள் ஒழுங்காகச் சொல்லிவிட்டு விளையாடப் போனாள். புதன்கிழமை அவர் தன் பழைய விமர்சனங்களை ஒட்டி வைத்த ஃபைலை எடுத்து நாற்பதையும் வாசித்தார், எங்கேயாவது தன் பிள்ளை தென்படுகிறாளா என்று. குழந்தைகள் ரசிப்பார்கள். குழந்தைகள் ரசிப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தையை அவர் திரும்பிப் பார்த்ததாக ஒரு வரி இல்லை.

வியாழக்கிழமை காலையில் லில்லி அவரிடம் சொன்னதைத் தெருவில் நின்ற எல்லோரும் கேட்டோம்.

"வீட்டுல எதுவும் மாறல. மாறியிருந்தா அது கொட்டகையிலதான் இருக்கும். அங்க நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க. அங்க பிள்ள எப்படி இருப்பான்னு உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

அன்று மேட்னிக்கு அவர் ஜெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாவைத் தொலைத்த அணில் ஒன்று கடல் தாண்டிப் போகிற பொம்மைப் படம், லீவு நாள் என்பதால் பாதிக் கொட்டகை பிள்ளைகள். அவளை முறுக்கு வாங்கிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அவர் என்னை ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். அவருக்கு முகச்சவரம் செய்து நாலு நாள் இருக்கும்.

"ஒரு விசயம் சொல்லணும் சங்கிலி. பேய்ப் படம் எழுதுனேன்ல, அதுல ஒண்ணோட ஒரிஜினலக்கூட நான் பாத்ததில்ல. நம்ம ஊருக்கு எங்க வந்துச்சு? பக்கத்துலகூட வரலன்னு சும்மா எழுதுனேன். எழுதி எழுதி அது பழகிப் போச்சு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கள் தியேட்டருக்கு மூலப் படம் எதுவும் வந்ததில்லை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும், மதுரையில் பார்த்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன், ஊரே அப்படித்தான் நினைத்துக்கொண்டது. அவர் என் டார்ச்சைக் காட்டிச் சொன்னார், அப்போதெல்லாம் நீ எங்கள் பக்கத்தில்தான் நிற்பாய், உன் வெளிச்சம் அவள் மேலும் பட்டிருக்கும், அவள் எப்படிப் படம் பார்ப்பாள் என்று நீ பார்த்திருப்பாய், இன்றைக்கும் பார்த்துச் சொல்.

நான் பார்த்திருக்கிறேன். நாற்பது படமும் பார்த்திருக்கிறேன். டார்ச் வெளிச்சம் நோட்டில் விழும், அதன் ஓரம் அந்தப் பிள்ளையின் முகத்தில் விழும். ஜெனிட்டா படமே பார்த்ததில்லை. அவள் அவளுடைய அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். கரடி பாட்டுப் பாடும், மீன் பள்ளத்தில் விழும், பிள்ளைகள் எல்லாம் கத்தும், அவள் மட்டும் கழுத்தைத் திருப்பி அவரையே பார்த்தபடி இருப்பாள். அவர் சிரித்தால் சிரிப்பாள், அவர் முகம் சுளித்து எழுதினால் இவளும் சுளிப்பாள். ஒரு தடவைகூட அவர் திரும்பியதில்லை. படம் முடிந்ததும், நல்லா இருந்துச்சா என்று அவர் கேட்பார், அவள் தலையாட்டுவாள், இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போவார்கள். நான் இதை யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றியதில்லை.

படம் தொடங்கியது. அருமைநாயகம் வாழ்க்கையில் முதல் தடவையாகத் திரையைப் பார்க்காமல் பக்கத்து சீட்டைப் பார்த்து உட்கார்ந்தார். நான் டார்ச் அடித்தேன். வந்த ஜெனிட்டா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைத் திறந்துகொண்டு, முறுக்கைக் கடிக்க மறந்து, அணில் கிளை தவறியபோது ஐயோ என்று மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து கத்தி. இரண்டரை மணி நேரமும் அவர் அவளையே பார்த்தார், அவள் ஒரு முறையும் அவர் பக்கம் திரும்பவில்லை. ஊரில் யாருக்கும் அகப்படாத அந்த ஒரு வித்தியாசம் என் டார்ச் வெளிச்சத்தில் பளிச்சென்று இருந்தது.

"இப்படித்தான் பாப்பாளா?" என்று கேட்டார்.

"இப்படித்தான் சார். ஒரு வித்தியாசமும் இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் என்னால் ஒரு பக்கமாகச் சொல்ல முடியவில்லை. உன் பிள்ளை அஞ்சு வருஷம் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நீ ஒரு தரமும் திரும்பவில்லை என்று ஒரு தகப்பனிடம் எந்த வாயால் சொல்வது என்று நினைத்தேன். அதே நொடியில் முப்பத்து மூன்று என்ற எண்ணும் என் நெஞ்சில் வந்து நின்றது. இன்றைக்கு ஒரு நாள் தவிக்கட்டும், நாளைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம், பஸ் பதினொன்றே காலுக்குத்தானே என்றும் ஒரு நினைப்பு ஓடியது. இரக்கமும் வஞ்சமும் ஒன்றாகக் கலந்துபோனால் எது எவ்வளவு என்று பிரித்து மார்க் போட என்னால் முடியாது.

அவர் மாடிக்குப் போய் டைப் அடித்தார். மூலத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, நூற்றுக்கு நூறு. தன் ஆயுளில் போட்ட முதல் நூறு. சாயங்காலம் அதை நிலையில் ஒட்டினார்கள், அது வழுக்கி விழுந்தது, மறுபடி ஒட்டினார்கள், மறுபடி விழுந்தது. மறுநாள் காலையில் நான் பசை வாளியோடு போனபோது லில்லி அந்தச் சீட்டை நிலையோடு சேர்த்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். விடிந்ததிலிருந்து அப்படியே நிற்கிறாராம், கை எடுத்தால் விழுந்துவிடும் என்று காபிகூடக் குடிக்கவில்லையாம். தெரு நிறைய ஆட்கள் நின்றார்கள். இத்தனை பேர் முன்னால், நேற்று நான் பொய் சொன்னேன் என்று சொல்ல என் வாய் திறக்கவில்லை. பசை வேணுமாம்மா என்று மட்டும் கேட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

பதினொரு மணிக்கு ஜெனிட்டா சடையைப் பின்னிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, போலாம்மா என்றாள். லில்லி கையை எடுத்தார். சீட்டு விழுந்தது, அருமைநாயகம் அதைக் குனிந்து எடுத்துக்கொண்டார். மூவரும் முன்னால் நடந்தார்கள், நான் வாளியோடு பின்னால் நடந்தேன், தெரு அங்கேயே நின்றுவிட்டது. பஸ் வந்து நின்றிருந்தது. லில்லி பிள்ளையோடு ஏறிக்கொண்டார். அடுத்த நிறுத்தம் வரைக்கும்தான் என்று தெரிந்தே ஏறினார். ஜெனிட்டாவுக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது.

அப்போதுதான் சொன்னேன். நேற்றுச் சொன்னது பொய் சார், அவள் படமே பார்த்ததில்லை, நாற்பது படமும் உங்கள் முகத்தைத்தான் பார்த்தாள், நீங்கள் திரும்பவே இல்லை, திரும்பி வந்தவள் நேற்றுத் திரையைப் பார்த்தாள், அதுதான் வித்தியாசம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஓடிப் போய் வீட்டு நிலையில் ஒட்ட மூன்று நிமிஷம், பஸ் கிளம்ப ஐந்து நிமிஷம் இருந்தது. கையிலிருந்த சீட்டைத் திருப்பி, அணில் படப் போஸ்டர் ஒட்டிய சுவரில் வைத்து எழுதத் தொடங்கினார்: மூலம் என் முகத்தைப் பார்த்தது, இது திரையைப் பார்க்கிறது. அது எழுதி முடிந்துவிட்டது. மதிப்பெண் போட வேண்டிய இடத்தில் பேனா நின்றது.

பாஸாகிற எந்த எண்ணை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். பேனாவை வைத்தார், எடுத்தார், நெற்றியைச் சுருக்கினார், உதட்டைக் கடித்தார், பதினைந்து வருஷப் பழக்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டது. நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜெனிட்டா கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் பார்ப்பதற்கு எத்தனையோ இருந்தது, ஐஸ் வண்டி, குரங்காட்டி, ஹாரன் அடிக்கிற லாரி. அவள் எதையும் பார்க்கவில்லை. அவர் நெற்றியைச் சுருக்கினால் அவளும் சுருக்கினாள். நிமிர்ந்து பாருங்க சார் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவர் எழுதிக்கொண்டே இடது கையைத் தூக்கி, பேசாதே என்று காட்டினார்.

விசில் சத்தம் கேட்டது. அவர் எண்ணை எழுதிவிட்டு நிமிர்ந்தபோது பஸ் பெட்ரோல் பங்க்கைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது. நான் சீட்டைப் பார்த்தேன். முப்பத்தைந்து போட்டிருந்தார்.

நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம். முக்கால் மணி நேரம் கழித்து லில்லி வெயிலில் தனியாக நடந்து வந்தார், கையில் ஒரு சிவப்பு ரிப்பன் இருந்தது. புருஷன் கையிலிருந்த சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் வாசித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பஸ் எடுக்குற வரைக்கும் உங்களத்தான் பாத்துட்டு இருந்தா" என்றார். "உங்களக் கூப்பிடலாம்னு நான் ஜன்னல் பக்கம் எட்டுனேன். பிள்ள என் வாயப் பொத்திருச்சு. அப்பா எழுதுறாங்கம்மா, சத்தம் போடாதன்னு சொல்லுச்சு."